கல்யாண மெட்டில் ஓர் எல்லைப் பாட்டு

புத்தூர்
14-7-1953

சௌபாக்கியவதி ரிவ்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

சித்தூர் மாநாடு முடிந்து, பாகாலாவில் இரண்டு மணி நேரம் வண்டிக்குக் காத்திருந்து, தோளில் ஆர்மோனியப் பெட்டியோடு நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கதவில் பூட்டுத் தொங்குகிறது. எதிர்வீட்டு ரத்னம்மா சாவியைக் கொண்டுவந்தாள். "ரேவம்மா முந்தாநாளே ரயிலேறிட்டாங்க. கொச்சிப் பக்கம் அம்மா வூட்டுக்குப் போறேன்னாங்க. அழுதுக்கினே போனாங்க. இன்னா சமாச்சாரம்னு கேட்டேன், வாயே தொறக்கல. நீ ஏதாவது கை வச்சியா?" என்று என்னைக் கேட்கிறாள். பதினொரு வருஷத்தில் உன்மேல் ஒரு விரல் பட அடித்தவன் இல்லை நான். தெருவில் நாலு பேர் பார்க்க நின்றுகொண்டு, இல்லை இல்லை என்று சத்தியம் செய்தேன். உனக்குத் திருப்திதானே?

ஒரு சீட்டாவது எழுதி வைத்திருப்பாய் என்று வீடு முழுக்கத் தேடினேன். அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தேன். உன் தங்கை மல்காவின் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்ததா? வந்திருந்தால் சித்தூருக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே.

நான் ஓடிவந்ததே உன்னிடம் ஒரு சந்தோஷ சமாச்சாரம் சொல்லத்தான். மாநாட்டில் என் எல்லைப் பாட்டு என்ன போடு போட்டது தெரியுமா? பெரியப்பா மகன் செங்கல்வராயன் அண்ணன், அதுதான் நம் பக்கத்து எல்லைக் கமிட்டித் தலைவர், மேடையிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "டேய், இந்த மெட்டு எங்கடா புடிச்ச? பச்சக் கொழந்தகூடப் பாடிக்கினு போவுதே" என்றார். எங்கள் தமிழ் ஊர்களை ஆந்திராவோடு சேர்க்காதே என்று ஒரு வருஷமாகத் தொண்டை கிழியப் பேசினோம். அத்தனை பேச்சும் செய்யாததை இந்த இரண்டு வரி செய்துவிட்டது. ஐயாயிரம் பேர், ரிவ்கா! ஐயாயிரம் பேர் கைதட்டித் தாளம் போட்டுப் பாடினார்கள். துருத்தியை அழுத்தக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

இதைச் சொல்ல வந்தவனுக்குப் பூட்டைக் காட்டினாய். உடனே பதில் எழுது.

உன்
கோவர்த்தனன்

*

எர்ணாகுளம்
22-7-1953

புத்தூர் ஆர்மோனியம் கோவர்த்தனன் அவர்களுக்கு,

பெயரை எழுதிவிட்டேன். பதினொரு வருஷமாக வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதினதும் இல்லை. உங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்துப் பழகிக்கொண்ட மரியாதை அது. இனிமேல் அந்த மரியாதை எதற்கு?

அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். தந்தி எதுவும் வரவில்லை. வந்தது உங்கள் ஊர்வலம்தான். நீங்கள் சித்தூருக்குப் போன மறுநாள் காலையில் நான் வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கொடியும் தப்பட்டையுமாக ஒரு கூட்டம் கடைத்தெருப் பக்கமிருந்து வந்தது.

"புத்தூரும் எங்களுது, நகரியும் எங்களுது,
கோடுபோட வந்தவரே, கொஞ்சம் நில்லும்!"

வார்த்தை காதில் விழுமுன்னே மெட்டு விழுந்துவிட்டது. கீரைக்கட்டைக் கீரைக்காரி கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். 'பாட்டுக்காரர் வீடு' என்று கூட்டம் நம் வாசலில் நின்று, இன்னொரு தடவை உரக்கப் பாடிவிட்டுப் போனது. எனக்கு மரியாதை செய்தார்களாம்!

அது எந்தப் பாட்டின் மெட்டு என்று தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "முல்லையும் கொண்டுவந்தோம், மோதிரமும் கொண்டுவந்தோம், கூச்சப்படும் பெண்ணே, கொஞ்சம் நில்லு." மலையாளத்தில் இருப்பதைத் தமிழில் எழுதினால் இதுதான். கல்யாணப் பெண் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத் தலையோடு அறைக்குள் வரும்போது, எங்கள் வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்காகப் பாடுகிற பாட்டு. ஒரு பெண்ணுக்கு ஒரு தடவை. அப்புறம் அடுத்த பெண்ணின் கல்யாணம் வரைக்கும் பாட்டு நோட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். அப்பாவே அதைக் கதவுக்கு வெளியில் நின்றுதான் கேட்டிருக்கிறார்.

மற்றப் பாட்டுகளுக்கு எப்போதாவது தடை சொன்னேனா? எஸ்தர் பண்டிகைக்கும் விளக்குப் பண்டிகைக்கும் ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் யூத ஜனங்கள் கூடும்போதெல்லாம் நான் பாடினேன், நீங்கள் வாசித்தீர்கள். திருப்பதியில் கடிகாரக் கடை வைத்திருக்கும் பம்பாய்க்காரர் வீட்டில் பிள்ளை பிறந்தபோது பகல் முழுக்க வாசித்தீர்கள். ரிவ்காவும் அவள் வீட்டுக்காரரும் வராவிட்டால் விசேஷமே இல்லை என்று குண்டக்கல்லிலிருந்துகூடக் கூப்பிட்டார்கள். அந்தப் பாட்டுகளில் எதை எடுத்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இருபது இருக்கிறது. இருபதையும் விட்டுவிட்டு இதில் கை வைத்தீர்கள்.

இதை நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு எந்த மதமும் இல்லை என்று இரண்டு பேரும் சித்தூர் ரிஜிஸ்தரார் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டோமே, அதுதான் நம் கல்யாணம். எனக்குத் தலை முழுக்காட்ட ஆளில்லை, பாட ஆளில்லை. வீட்டுக்கு வந்து எனக்காக நானே பாடிக்கொண்டேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியில் மெல்ல அதைத் தொட்டீர்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது என் தப்பு. அந்தத் தப்பை ஐயாயிரம் பேருக்குப் பங்குபோட்டுக் கொடுத்தது உங்கள் தப்பு.

ரிவ்கா

*

புத்தூர்
30-7-1953

கோபக்கார ரிவ்காவுக்கு,

நீ என் பெயரை எழுதினதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. உன் அப்பா பதினொரு வருஷமாக ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "பெட்டிக்காரர் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். ரேணிகுண்டாவில் பார்சல் கிளார்க்காக இருந்தவர், யார் யாருடைய மூட்டை என்று பெயர் பெயராகப் படித்து அனுப்பியவர், மருமகன் பெயர் மட்டும் அவர் வாயில் நுழையவில்லை. நான் கோபித்துக்கொண்டு வண்டியேறினேனா?

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் உங்கள் ஓய்வுநாள் தொடங்கிவிடும், பெட்டியைத் திறக்கக் கூடாது என்றாய். மூடினேன். கிருத்திகை வெள்ளிக்கிழமையில் வந்தால், முருகன் கோயிலில் வாசிக்கக் கூப்பிட்டாலும் போகமாட்டேன். "பொண்டாட்டி மதத்துல சேந்துட்டான்" என்று ஊர் சிரித்தது. நாடகக் கம்பெனியில் ராஜா வருகிற காட்சிக்கு வாசித்தவன், உன் ஜனங்களின் நடுவில் சுவரோரமாக உட்கார்ந்து, அர்த்தம் தெரியாத பாட்டுக்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு வாசித்தேன். உனக்காகத்தான்.

இப்போது நான் திருடன்.

நான் சித்தூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கமிட்டி ஆபீஸில் கேட்டார்கள். ஊர்வலப் பையன்கள் பழகச் சாயங்காலத்துக்குள் பாட்டு வேண்டும் என்று என்னை அங்கேயே உட்காரவைத்துவிட்டார்கள். நாடக மெட்டு எல்லாம் போட்டுப் பார்த்தேன், காவடிச் சிந்து போட்டுப் பார்த்தேன், ஒன்றும் உட்காரவில்லை. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவன் நான். யாரோ மேப்பில் ஒரு கோடு இழுத்து, நாளையிலிருந்து உன் பிள்ளைகள் வேறு எழுத்துப் படிக்கட்டும் என்றால் நெஞ்சு அடைக்காதா? அடைத்தபோது விரல் தானாக அந்த மெட்டுக்குப் போனது. உன் நோட்டை நான் திறந்து பார்க்கவில்லை. கதவிடுக்கில் காது வைத்தும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பாட்டில் பெண் நீ என்றால் மாப்பிள்ளை யார்? என் கல்யாணத்துக்கு மேளம் இல்லை, தாலி இல்லை, என் வீட்டிலிருந்து ஒரு மனிதர் வரவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்ததும் அந்தப் பாட்டு ஒன்றுதான். அது எனக்கும் பாடிய பாட்டு, ரிவ்கா. எனக்கும் அதில் பாத்தியதை உண்டு.

நீ ரேணிகுண்டாவில் பிறந்தவள். இந்த ஊருக்காக உன் மெட்டு கொஞ்சம் உழைத்தால் தேய்ந்துவிடுமா?

கோவர்த்தனன்

*

எர்ணாகுளம்
11-8-1953

ஐயா,

அது எனக்கும் பாடிய பாட்டு என்ற வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியாமல் இருந்தேன். நீங்கள் சொன்னது நிஜம். நிஜம் என்பதால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. அடுத்தவர் பொருளை ஒருவன் எடுத்தால் தெரியாமல் எடுத்தான் என்று விடலாம். தனக்கென்று ஒருத்தி கொடுத்ததைத் தெருவில் கொட்டினால் என்னவென்று சொல்வது?

நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சும்மா பார்க்க வந்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன். திருப்பதிக் கடிகாரக் கடைக்காரர் மனைவி போன வாரம் அம்மாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். உங்கள் வீட்டுக் கல்யாணப் பாட்டை இங்கே டீக்கடையில் பாடுகிறார்கள், ரிவ்கா வீட்டுக்காரர் எழுதியதாம் என்று. அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து பாட்டு நோட்டை எடுத்து அண்ணியிடம் கொடுத்தாள். மல்கா கல்யாணத்துக்கு நீ முன்னால் நின்று பாடு என்று அவளிடம் சொன்னாள். அண்ணிக்குச் சுருதியே நிற்காது. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் மூத்த பெண்தான் தங்கைக்குப் பாட வேண்டும். எனக்கு யாரும் பாடவில்லை. மல்காவுக்கு நானாவது பாடலாம் என்று என் கல்யாண நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் இப்போது இல்லை.

இன்னொரு விஷயம். இங்கே எங்கள் ஜனங்கள் எல்லோரும் இஸ்ரேல் தேசத்துக்குப் போகப் பெயர் கொடுக்கிறார்கள். ஊர் ஊராகக் கிளம்புகிறார்கள். மல்கா கல்யாணம் முடிந்ததும் அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம், மல்காவும் மாப்பிள்ளையும், பம்பாய் போய் ஆகாய விமானம் ஏறுகிறார்கள். அக்டோபரில் பண்டிகைகள் முடிந்ததும் பட்டியலை மூடிவிடுவார்களாம். "உன் பக்கத்தில் ஒரு பெயரா, இரண்டு பெயரா, ஒன்றுமே இல்லையா?" என்று அப்பா கேட்டார். பதில் சொல்லவில்லை.

அந்தப் பாட்டை நிறுத்துங்கள். எப்படி நிறுத்துவீர்களோ எனக்குத் தெரியாது. தெருவில் விட்டவர் நீங்கள், நீங்களே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நின்றது என்று தெரிந்தபின் அப்பாவுக்குப் பதில் சொல்வேன்.

ரிவ்கா

*

புத்தூர்
3-9-1953

ரிவ்காவுக்கு,

செங்கல்வராயன் அண்ணனிடம் போனேன். வேறு மெட்டில் வேறு பாட்டு எழுதித் தருகிறேன், இதை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஏண்டா, ஜனங்க வாயில பூந்தத நான் இன்னா கைய வுட்டா எடுக்கறது? சோறு துன்னும்போது இந்தக் கததான் கெடச்சிதா உனக்கு? போயி வேற வேல பாரு" என்றார்.

புதுப் பாட்டு ஒன்று எழுதிக்கொண்டுபோய் ஏர்பேட்டில் வாசித்துப் பார்த்தேன். மரியாதைக்காக ஒரு அடி கேட்டார்கள். இரண்டாவது அடியில் பின்னாலிருந்து யாரோ பழையதைத் தொடங்கிவிட்டான். கூட்டம் முழுக்க அவனோடு போய்விட்டது.

நீ பெரிய மனுஷி மாதிரி உத்தரவு போடுகிறாய். ஒரு நாள் வந்து இந்தக் கூட்டத்தின் முன்னால் நின்று பார். ஒரு பெயரா இரண்டு பெயரா என்று உன் அப்பா கேட்டால் உனக்கு ஏன் என்மேல் கோபம் வர வேண்டும்? என் ஊரை நான் இழந்துகொண்டிருக்கும்போது எந்த ஊருக்கு என்னைப் பெயர் கொடுக்கச் சொல்கிறாய்?

கோவர்த்தனன்

*

புத்தூர்
5-10-1953

ரிவ்காவுக்கு,

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இதற்கும் போடாவிட்டால் போ. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் இருபத்தேழாம் தேதி நகரியில் கூட்டம். ஆந்திரா பிறக்க நாலு நாள் இருந்தது, ஜனங்கள் கொதித்துப்போய் இருந்தார்கள். என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். நான் பெட்டியைத் திறக்காமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "இந்தப் பாட்டின் மெட்டு என்னுடையது இல்லை. என் மனைவி ரிவ்கா வீட்டில், யூதர் வீட்டுப் பெண்கள் கல்யாணப் பெண்ணுக்கு முழுக்காட்டிவிட்டுப் பாடுகிற பாட்டு. கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது. அவளைக் கேட்காமல் எடுத்தேன். தயவுசெய்து இனிமேல் யாரும் பாட வேண்டாம்" என்றேன்.

 அப்புறம் ஒருவன் விசில் அடித்தான். "அப்ப நீ மாப்ளயா, வாத்தியாரே? பொண்ணு எங்க, குளிச்சிக்கினு கீதா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பாடினார்கள், முன்னைவிடச் சத்தமாக. செங்கல்வராயன் அண்ணன் மேடையில் வைத்தே "துரோகிப் பயலே, கொடுத்த பாட்டத் திருப்பிக் கேக்கற, நாளைக்கு ஊரையே குடுத்துடுவ" என்று என் சட்டையைப் பிடித்துத் தள்ளினார். மேடைக்குக் கீழே விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நம் ஊரிலேயே கட்டுக் கட்டிக்கொண்டேன். நாற்பது நாள் துருத்தியில் கை வைக்கக் கூடாது என்றார்கள். திருப்பதியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற மூன்று வீட்டிலும் வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒன்றாம் தேதி கர்னூலில் கொடி ஏற்றினார்கள். புத்தூர் அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லைக் கமிஷன் வரும், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். என்னை அந்தக் கூட்டத்தில் யாரும் சேர்ப்பதில்லை. அண்ணன் வீட்டில் என்னை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ சொன்னாய், செய்தேன். இதற்குமேல் என்னிடம் என்ன இருக்கிறது செய்ய?

கோவர்த்தனன்

*

எர்ணாகுளம்
16-10-1953

ஐயா,

நான் பாட்டை நிறுத்தச் சொன்னேன். தம்பட்டம் அடிக்கச் சொன்னேனா?

அதுவரைக்கும் அது ஏதோ ஒரு மெட்டு. பாடினவனுக்குப் புத்தூரும் நகரியும்தான் தெரியும். நீங்கள் மைக் வைத்து, இது யூதப் பெண்கள் குளிக்கும்போது பாடுவது என்று நகரி முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். என் பெயரையும் சொன்னீர்கள். ரேணிகுண்டாவில் இருக்கிற எங்கள் பெண்களைப் பிளாட்பாரத்தில் பார்த்து, "அந்தக் குளிக்கிற பாட்டு ஒண்ணு பாடும்மா" என்று கேட்கிறார்களாம். கடிகாரக் கடைக்காரர் மனைவி அம்மாவுக்கு இதையும் எழுதிவிட்டாள். அவளுக்கு வேறு வேலை கிடையாது. இந்தத் தடவை அம்மா அழுதாள்.

கூட்டத்தில் அடி வாங்கினால் கணக்குச் சரியாகிவிடும் என்று ஆண்களுக்கு ஒரு நினைப்பு. உங்கள் மணிக்கட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கட்டை நனைக்காதீர்கள். அவிழ்த்து அவிழ்த்துப் பார்க்காதீர்கள், உங்களுக்கு அந்தப் புத்தி உண்டு.

நேற்று அப்பாவிடம் பதில் சொல்லிவிட்டேன். ஒரு பெயர்.

என் இரண்டு பட்டுப் புடவையையும் வெண்கல விளக்கையும் பார்சலில் அனுப்பிவிடுங்கள். மற்றது எதுவும் வேண்டாம்.

ரிவ்கா

*

புத்தூர்
29-10-1953

ரிவ்காவுக்கு,

பார்சல் போட்டாகிவிட்டது. ரசீது இத்துடன் இருக்கிறது. விளக்கை ரத்னம்மாதான் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள், ஒரு கையால் எனக்கு வரவில்லை. உன் மூக்குக் கண்ணாடிக் கூடும் அலமாரியில் இருந்தது, அதையும் வைத்திருக்கிறேன்.

ஒரு பெயர் என்றால் ஒரு பெயர். நான் வந்து கெஞ்சுவேன் என்று எதிர்பார்க்காதே. நீ கேட்டிருந்தால் நான் வந்திருப்பேனா என்று நேற்று முழுக்க யோசித்தேன். நீ கேட்கவே இல்லையே! ஒரு பெயரா இரண்டு பெயரா என்று உன் அப்பா கேட்டதாகத்தான் எழுதினாய். நீ என்னைக் கேட்டதாக ஒரு கடிதத்திலும் இல்லை. எல்லாக் கடிதத்தையும் எடுத்துத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

மல்காவுக்கு என் ஆசீர்வாதம். சின்ன வயதில் என் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

இனி நான் எழுதவில்லை.

கோவர்த்தனன்

*

எர்ணாகுளம்
20-1-1954

வீட்டுக்காரருக்கு,

நீங்கள் சொன்னபடியே எழுதவில்லை. மூன்று மாதம். அந்த ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மல்கா கல்யாணம் நேற்று முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம்.

பெண்களெல்லாம் அறையில் கூடிவிட்டோம். அண்ணி நோட்டை விரித்துக்கொண்டு முன்னால் நின்றாள். நான் சுவரோரமாக நின்றேன். மல்கா முழுக்குப் போட்டுவிட்டு வரவில்லை. போய்க் கூப்பிட்டால் உள்ளேயிருந்து கத்துகிறாள். அவள் ரேணிகுண்டாப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தானே, கோபம் வந்தால் அந்தத் தமிழ்தான். "அக்கா பாடினாத்தான் வருவேன். இல்லாட்டி ஈரத்தோட இங்கயே குந்திக்கினு இருப்பேன். மாப்ளயப் போவச் சொல்லுங்க!" அம்மா இரண்டு தடவை அதட்டிப் பார்த்தாள். கடைசியில் அண்ணி கையிலிருந்து நோட்டை வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள்.

எனக்கு நோட்டு வேண்டாம், மனப்பாடம். பாடினேன். முதல் தடவை சரியாக வந்தது. மல்கா வாசல்படியில் தலை சொட்டச் சொட்ட நின்றாள். முல்லை வந்தது, மோதிரம் வந்தது. இரண்டாம் தடவை எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த முகத்தை இனிமேல் எப்போது பார்ப்போம் என்ற நினைப்பு இல்லை, நானும்தான் கூடப் போகிறேனே. ஆனாலும் அவளையே பார்த்துக்கொண்டு பாடினேன். அப்போது என் வாயிலிருந்து வந்தது, "கோடுபோட வந்தவரே, கொஞ்சம் நில்லும்!"

என் தங்கையின் கல்யாண அறையில்! எங்கள் பெண்கள் பதினைந்து பேர் நடுவில்! நான் நிறுத்தவில்லை, நிறுத்த வரவில்லை. புத்தூரும் எங்களுது, நகரியும் எங்களுது என்று அடுத்த அடியும் வந்துவிட்டது. ஆறு மாதம் உங்களைத் திட்டித் திட்டி அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அது போய் உட்கார்ந்துகொண்டது. அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, தானே பாடி முடித்தாள். அறுபது வயதுக் குரல்.

பெண்ணை அலங்கரித்து வெளியே அனுப்பிவிட்டு அம்மா என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் அடுத்த மாதம் விமானத்தில் ஏறியிருப்பேன். அவள் என் தலையைத் தடவினாள். "பரவாயில்லை. அங்கே போய் ஒரு வருஷம் இருந்தால் மறந்துவிடும். அந்தப் பாட்டு, அந்த ஊர், அந்த மனிதர், எல்லாம் மறந்துவிடும்" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. மறப்பதா? பதினொரு வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். உங்கள் குறட்டையை, நீங்கள் சுருதி சேர்க்கும்போது கடிக்கிற உதட்டை, எதை எதையோ சகித்திருக்கிறேன். அரை வருஷமாகக் கோபித்துக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறேன். அத்தனையும் மறந்து போகிற விஷயமா? அப்படியானால் நான் இத்தனை நாள் அழுதது எதற்கு? "நான் மறக்க மாட்டேன், அம்மா. மறக்கிற இடத்துக்கு நான் வரவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சமையல்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று காலையில் பட்டியல் எழுதுகிறவரிடம் போய் என் பெயரை அடிக்கச் சொன்னேன். அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். நீங்கள் கேட்டிருந்தீர்களே, உங்களை ஏன் நான் கேட்கவில்லை என்று. வருகிறேன் என்று நீங்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தேசத்தில் போய், பெயர் தெரியாத பெட்டிக்காரராக மறுபடியும் சுவரோரமாக உட்காருவீர்கள். அதைப் பார்க்க என்னால் முடியாது. கேட்காதது தப்பென்றால் தப்புதான்.

அம்மா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. பம்பாய் வரைக்கும் கூட வந்து வழியனுப்புகிறேன் என்றேன், வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினாள். என் தாய் முகத்தை இனி நான் பார்க்கப்போவதில்லை. மல்காவுக்குப் பிள்ளை பிறந்தால் கடிதத்தில்தான் தெரியும். இதற்கெல்லாம் நீங்களும் உங்கள் பாட்டும்தான் காரணம். உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது, எடுத்துக்கொண்டுதான் வருகிறேன்.

அந்தப் பாட்டை நம் வீட்டில் இனி நானும் பாட மாட்டேன், நீங்களும் தொடக் கூடாது. மார்ச்சில் எஸ்தர் பண்டிகை வருகிறது. ரேணிகுண்டாவில் இரண்டு குடும்பம்தான் மிச்சம் இருக்கும். போவோம். நான் பாடுகிறேன், நீங்கள் வாசியுங்கள். கை கூடிவிட்டதா இல்லையா என்று இப்போதிருந்தே பழகிப் பாருங்கள். போகும்போதும் வரும்போதும் வண்டியில் நான் பேச மாட்டேன்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். ஊர் பார்க்க என்னிடம் பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அரக்கோணத்தில் மாறுகிறேன். வண்டி காலை ஒன்பதே காலுக்குப் புத்தூர் வரும். பெண்கள் கம்பார்ட்மெண்ட் பின்னால், கடைசிக்கு முந்தினது.

ரிவ்கா